ஒரே ரெப்போவில் மூன்று ஏஜென்ட்கள்: முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நிரல் எழுதும் ஏஜென்ட் ஒன்றை ஓரிரு மாதம் பயன்படுத்திப் பழகியவருக்கு அடுத்து எழுகிற ஆசை பெரும்பாலும் ஒன்றுதான். இது ஒரு வேலையை முடிக்கும்வரை இருபது நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானேன், இன்னொரு டெர்மினலைத் திறந்து இன்னொரு ஏஜென்டிடம் இன்னொரு வேலையைக் கொடுத்தால் என்ன? நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரே கோப்புறையில் இரண்டு டெர்மினல்களைத் திறந்து, ஒன்றிடம் புதிய வசதியையும் மற்றொன்றிடம் ஒரு பிழைத்திருத்தத்தையும் ஒப்படைத்தேன். கால் மணி நேரத்தில் இரண்டாவது ஏஜென்ட், தான் எழுதாத, பாதி முடிந்த கோப்புகள் கிடப்பதைக் கண்டு, யாரோ விட்டுச்சென்ற குப்பை என்று முடிவு செய்து, அனைத்தையும் கடைசி கமிட்டின் நிலைக்குத் திருப்பிவிட்டது. முதலாவது ஏஜென்ட், தன் வேலை காணாமல் போனதைப் பார்த்து, எந்தப் புகாரும் இல்லாமல் மறுபடி எழுதத் தொடங்கியது. இரண்டும் தத்தம் அளவில் சரியாகத்தான் நடந்துகொண்டன. ஒன்று அங்கே இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கீழே வரும் படிகள் எல்லாமே அந்த ஒரு நிலைமையிலிருந்து பிறந்தவை. ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இரண்டு நிரலாளர்கள் தேநீர் குடிக்கும்போது பேசிக்கொள்வார்கள். ஒருவர் முகம் சுளிப்பதைப் பார்த்தே மற்றவர் ஏதோ சரியில்லை என்று ஊகிப்பார். ஏஜென்ட்களுக்கு அந்த வழி கிடையாது. ரெப்போவில் ஒரு கோப்பாக எழுதப்படாத எதுவும் அவற்றுக்கு இல்லாத ஒன்றே. ஆகவே பல ஏஜென்ட்களை ஒருங்கிணைப்பது என்பது, பெருமளவுக்கு, எதை முன்கூட்டியே எழுதி வைப்பது, எதைப் பிரித்து வைப்பது, எதை நம்பாமல் சோதிப்பது என்பதைத் தீர்மானிக்கிற வேலை. கிட் கருவியில் பிராஞ்ச் உருவாக்கவும் மெர்ஜ் செய்யவும் தெரிந்தவர், 2025 பிப்ரவரியில் முன்னோட்டமாக வெளிவந்த கிளாட் கோட், அதே ஆண்டு ஏப்ரலில் வந்த கோடெக்ஸ் சிஎல்ஐ, ஜூனில் வந்த ஜெமினி சிஎல்ஐ போன்ற ஏதேனும் ஒன்றைத் தனியாக ஓட்டிப் பார்த்தவர் என்ற அளவில் வாசகரை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எந்தக் கருவியாக இருந்தாலும் முறை ஏறத்தாழ ஒன்றே.

முதலில், இது தேவைதானா

2025 ஜூனில், ஏறத்தாழ ஒரே சமயத்தில், இரண்டு நிறுவனங்கள் எதிரெதிரான கருத்துகளை வெளியிட்டன. பல ஏஜென்ட்களைக் கொண்டு தாங்கள் கட்டிய ஆய்வு அமைப்பைப் பற்றி எழுதிய, கிளாட் கோட்டை உருவாக்கிய ஆந்த்ரோபிக், தனி ஏஜென்ட் ஒன்று சாதாரண உரையாடலைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு டோக்கன்களையும் (மொழி மாடல் உரையைப் பிரித்து எண்ணும் சிறு துண்டுகள்), பல ஏஜென்ட் அமைப்பு ஏறத்தாழ 15 மடங்கு டோக்கன்களையும் செலவிடுவதாகத் தெரிவித்தது; அதே கட்டுரையில், பெரும்பாலான நிரலாக்கப் பணிகளில் உண்மையிலேயே இணையாகச் செய்யக்கூடிய பகுதிகள் ஆய்வுப் பணியில் இருப்பதைவிடக் குறைவு என்றும் ஒப்புக்கொண்டது. டெவின் என்ற ஏஜென்டை உருவாக்கிய காக்னிஷன் நிறுவனமோ, பல ஏஜென்ட்களைக் கட்டவே வேண்டாம் என்றது. ஃபிளாப்பி பேர்ட் விளையாட்டின் நகல் ஒன்றை உருவாக்கச் சொல்லி வேலையைப் பிரித்தால், ஒரு ஏஜென்ட் சூப்பர் மாரியோ சாயலில் பின்னணியையும், மற்றொன்று அதோடு ஒட்டாத ஒரு பறவையையும் செய்துவந்து நிற்கும் என்பது அவர்கள் தந்த எடுத்துக்காட்டு. ஒவ்வொரு செயலுக்குள்ளும் சொல்லப்படாத ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது, அந்த முடிவுகள் மோதும்போது விளைவு கெடுகிறது என்பதே அவர்களுடைய வாதம்.

என் அனுபவத்தில் இரண்டும் சரி. படிக்கும் வேலையை, அதாவது ரெப்போவில் தேடுவது, பிழையின் மூலத்தைக் கண்டறிவது, எழுதியதை விமர்சிப்பது ஆகியவற்றை, எத்தனை ஏஜென்ட்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். கெட்டுப்போக எதுவும் இல்லை. எழுதும் வேலையைப் பிரிப்பதற்குத்தான் முன்னேற்பாடு வேண்டும். ஒரு ஏஜென்ட் அரை மணி நேரத்தில் முடிக்கும் சிறிய வசதி என்றால் அதை ஒன்றிடமே விட்டுவிடுங்கள். தெளிவான எல்லைகளோடு மூன்று துண்டுகளாவது தேறும் வேலைக்கு மட்டுமே இந்த ஏற்பாடு தகும்.

தொடங்கும் முன் ரெப்போவில் இருக்க வேண்டியவை

எந்த ஏஜென்டையும் பெருக்குவதற்கு முன், ஒற்றை ஏஜென்ட் உங்கள் உதவி இல்லாமல் ஒரு சிறிய வேலையை முழுமையாக முடிக்கும் நிலையில் ரெப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு இரண்டு பொருள்கள் போதும். முதலாவது, எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, வெற்றியா தோல்வியா என்று ஐயமின்றிச் சொல்லும் ஒற்றைக் கட்டளை. அது சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். ஒரு முறை தேறி, மறுமுறை காரணமின்றித் தோற்கும் சோதனைகள் இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்யுங்கள் அல்லது விலக்கி வையுங்கள். மனிதர் அத்தகைய சோதனையைப் பார்த்து "அது அப்படித்தான்" என்று கடந்துபோவார். ஏஜென்டோ, இல்லாத பிழையைத் தேடி நல்ல நிரலை மாற்றி எழுதும்; மூன்று ஏஜென்ட்கள் இருந்தால் மூன்று விதமாக மாற்றி எழுதும்.

இரண்டாவது, ஏஜென்ட்ஸ்.எம்டி, கிளாட்.எம்டி போன்ற பெயர்களில் ரெப்போவின் வேரில் வைக்கப்படும் அறிவுறுத்தல் கோப்பு. எந்தப் பெயரைத் தானாகப் படிக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். சோதனைக் கட்டளை, கோப்புறைகளின் பொறுப்பு, பெயரிடும் மரபு, தொடக்கூடாத இடங்கள் ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் அதில் எழுதுங்கள். நிறுவனத்தின் வரலாற்றையும் நல்ல நிரலின் இலக்கணத்தையும் அதில் எழுத வேண்டியதில்லை. ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் முதலில் படிப்பது இதைத்தான் என்பதால், இதிலுள்ள ஒவ்வொரு வரியும் அதன் நினைவுப் பரப்பில் இடம்பிடித்துக்கொள்ளும்.

வேலையை எங்கே வெட்டுவது

எடுத்துக்காட்டுக்கு, ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்திலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் எழுதப்பட்ட ஒரு நூலகச் செயலியை வைத்துக்கொள்வோம். நூல்களைக் கடன் கொடுப்பதும் திரும்பப் பெறுவதும் ஏற்கெனவே இயங்குகின்றன. எல்லாப் பிரதிகளும் வெளியே சென்றுள்ள ஒரு நூலுக்கு உறுப்பினர் முன்பதிவு செய்யும் வசதியைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். வரிசையில் முதலில் இருப்பவருக்கு, பிரதி திரும்பியதும் மூன்று நாள் அவகாசம் தரப்படும். அவர் வராவிட்டால் அடுத்தவருக்குப் போகும்.

புதியவர் பெரும்பாலும் இதைக் கால வரிசைப்படி வெட்டுவார்: ஒரு ஏஜென்ட் முன்பதிவு செய்வதை எழுதட்டும், இன்னொன்று நூல் திரும்புவதை எழுதட்டும், மூன்றாவது அவகாசம் முடிவதை எழுதட்டும். இப்படி வெட்டினால் மூன்றும் "முன்பதிவின் நிலை" என்ற ஒரே தரவை மூன்று இடங்களிலிருந்து மாற்றும்; யார் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாற்றலாம் என்பதில் மூன்று வெவ்வேறு கற்பனைகள் உருவாகும். கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972இல் சொன்ன அறிவுரை இங்கே அப்படியே பொருந்துகிறது: செயலின் படிகளைப் பார்த்து நிரலைப் பிரிக்காதீர்கள், பின்னாளில் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவும் ஒரே பகுதிக்குள் மறைந்திருக்குமாறு பிரியுங்கள். அப்படிப் பார்த்தால், நிலை மாற்றங்கள் அனைத்தும் ஒரே சேவைக் கோப்புக்குள், ஒரே ஏஜென்டின் பொறுப்பில் அடங்கும். திரை ஒன்றின் பொறுப்பு. சோதனைகள் இன்னொன்றின் பொறுப்பு.

இந்த மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டுமானால், அவற்றுக்கு இடையே உள்ள ஒப்பந்தம் முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். இதுதான் இந்த முறையின் மிக முக்கியமான படி. இதில் செலவிடும் ஒரு மணி நேரத்தை வேறெங்கும் மிச்சம்பிடிக்க முடியாது. ஒப்பந்தத்தை ஒரு கோப்பாக எழுதி, மாடல்களையும் (தரவு அட்டவணைகளை வரையறுக்கும் நிரல்) மைக்ரேஷனையும் (அந்த அட்டவணைகளை உருவாக்கும், மாற்றும் கோப்பு) நீங்களோ ஒற்றை ஏஜென்டோ உருவாக்கி, முதன்மைப் பிராஞ்சில் கமிட் செய்த பிறகே மற்றவை தொடங்க வேண்டும். மைக்ரேஷனை ஏன் முன்னதாகவே முடிக்க வேண்டும் என்றால், இரண்டு பிராஞ்ச்களில் இரண்டு ஏஜென்ட்கள் தனித்தனியே 0012 என்ற எண்ணில் மைக்ரேஷன் உருவாக்கினால், கோப்புப் பெயர்கள் வேறாக இருப்பதால் கிட் எந்த முரணையும் காட்டாது. ஜாங்கோதான் பின்னர், மைக்ரேஷன் மரத்தில் இரண்டு நுனிகள் இருக்கின்றன என்று மறுத்து நிற்கும். இரண்டையும் இணைக்க அதிலேயே வழி உண்டு என்றாலும், அந்த இரண்டு மைக்ரேஷன்களும் ஒரே அட்டவணையை இரண்டு விதமாக மாற்றியிருந்தால் இணைப்பு மட்டும் போதாது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்? இரண்டு பேர் வேறுவேறாக ஊகிக்கக்கூடிய ஒவ்வொன்றும். முன்பதிவின் நிலைகள் காத்திருப்பு, தயார், முடிந்தது, ரத்து, காலாவதி ஆகிய ஐந்து மட்டுமே. எதிலிருந்து எதற்கு மாறலாம் என்பதற்கு ஒரு அட்டவணை. ஏபிஐ, அதாவது திரை சேவையிடம் கேட்டுப் பெறும் வாயில், தரும் நேரம் எல்லாம் உலகப் பொது நேரமான யுடிசியில், ஐஎஸ்ஓ 8601 என்ற தேதி வடிவில். ஒரே நூலுக்கு ஒரே உறுப்பினர் இரண்டாவது முறை முன்பதிவு செய்தால் 409 என்ற நிலைக்குறியீடு, அதனுடன் வரும் பிழைப்பெயரின் சரியான எழுத்துக்கள். பிரதி கையிருப்பில் இருக்கும்போதே முன்பதிவு கேட்டால் என்ன செய்வது. "மூன்று நாள்" என்பது 72 மணி நேரமா, மூன்றாம் நாள் நூலகம் மூடும் நேரமா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். திரையை எழுதும் ஏஜென்ட் ஒரு விதமாகவும் சேவையை எழுதும் ஏஜென்ட் மற்றொரு விதமாகவும் எடுத்துக்கொள்ள, வரிசையில் நின்ற உறுப்பினர் மாலை ஐந்து மணிக்கு வந்து ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

ஏபிஐயின் மாதிரிப் பதில்களையும் கோப்புகளாக ஒப்பந்தத்தோடு வைத்துவிடுங்கள். சேவை இன்னும் தயாராகாத நிலையிலும் திரையை எழுதும் ஏஜென்ட் அந்த மாதிரிகளைக் கொண்டு வேலை செய்துவிடும்.

கடைசியாக, எல்லோரும் தொட நேரும் கோப்புகள்: வழித்தடங்களைப் பதிவு செய்யும் கோப்பு, அமைப்புக் கோப்பு, சார்பு நூலகங்களின் (செயலி நம்பியிருக்கும் பிறரின் நிரல்தொகுப்புகள்) பதிப்புகளைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பு. இவற்றை எந்த ஏஜென்டுக்கும் கொடுக்காதீர்கள். தேவையான வழித்தடங்களை நீங்களே வெற்றுச் செயற்கூறுகளோடு முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் பாதி மோதல்கள் பிறக்காமலே போகும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அறை

கிட் 2.5 பதிப்பில், 2015இல், ஒர்க்ட்ரீ என்ற வசதி வந்தது. ஒரே ரெப்போவின் வெவ்வேறு பிராஞ்ச்களை வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே நேரத்தில் திறந்து வைக்க அது உதவுகிறது. வரலாறு ஒன்றே என்பதால் ரெப்போவை மூன்று முறை நகலெடுக்க வேண்டியதில்லை. "கிட் ஒர்க்ட்ரீ ஆட்" என்ற கட்டளையோடு புதிய கோப்புறையின் பாதையையும், பிராஞ்சின் பெயரையும் கொடுத்தால் போதும். ஒரே பிராஞ்சை இரண்டு ஒர்க்ட்ரீக்களில் திறக்க கிட் இயல்பாக அனுமதிக்காது. நம் நோக்கத்துக்கு அது நல்ல காவல்.

ஆனால் ஒர்க்ட்ரீ கோப்புகளை மட்டுமே பிரிக்கிறது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். கிட் புறக்கணிக்கும் கோப்புகள் புதிய கோப்புறைக்கு வாரா. ஆகவே சூழல் மாறிகள் எழுதிய கோப்பை ஒவ்வொன்றிலும் தனியே வைக்க வேண்டும், சார்பு நூலகங்களை மறுபடி நிறுவ வேண்டும். கமிட் செய்யாத மாற்றங்களை ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷ் எல்லா ஒர்க்ட்ரீக்களுக்கும் பொதுவானது என்பதால், ஒரு ஏஜென்ட் ஒதுக்கி வைத்ததை மற்றொன்று எடுத்துப் போட்டுக்கொள்ள முடியும். ஸ்டாஷைப் பயன்படுத்தக் கூடாது, வேண்டுமானால் தன் பிராஞ்சில் கமிட் செய்யலாம் என்று அறிவுறுத்தல் கோப்பில் ஒரு வரி சேருங்கள். வளர்ச்சிச் சர்வர்கள் மூன்றும் 8000 என்ற ஒரே போர்ட்டைக் கேட்கும். 8001, 8002, 8003 என்று பிரித்துக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமாக ஏமாற்றுவது தரவுத்தளம். சோதனை ஓட்டும்போது ஜாங்கோ, உங்கள் தரவுத்தளத்தின் பெயருக்கு முன்னால் ஒரு முன்னொட்டைச் சேர்த்துத் தற்காலிகத் தளம் ஒன்றை உருவாக்குகிறது. மூன்று ஒர்க்ட்ரீக்களும் ஒரே பெயரைக் கொண்டிருந்தால், ஒன்றின் சோதனைத் தளத்தை மற்றொன்று அழித்துப் புதிதாக உருவாக்க முயலும். தளம் பயன்பாட்டில் இருக்கிறது என்று போஸ்ட்கிரெஸ் மறுக்கும். அந்தப் பிழைச்செய்தியைப் பார்க்கும் ஏஜென்ட், பக்கத்து அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்று ஊகிக்காது. அமைப்புக் கோப்பில் ஏதோ தவறு என்று எண்ணி அதைத் திருத்தும், அல்லது தொல்லை தராத எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டுச் சோதனைகள் தேறிவிட்டதாக மகிழ்ச்சியுடன் அறிவிக்கும். ஒவ்வொரு ஒர்க்ட்ரீக்கும் தரவுத்தளப் பெயரைத் தனியே கொடுப்பது இரண்டு நிமிட வேலை. இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் ஒரு சிறிய ஸ்கிரிப்டாக எழுதிவைத்துக்கொண்டால் அடுத்த முறை கை தவறாது.

வேலைக்குறிப்பு எழுதுதல்

ஒவ்வொரு ஏஜென்டுக்கும் ஒரு வேலைக்குறிப்புக் கோப்பு எழுதுங்கள். அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்வதைவிட இது நல்லது. ஏஜென்டை நடுவே நிறுத்தி வேறொன்றிடம் ஒப்படைக்க நேர்ந்தால் கோப்பு அங்கேயே இருக்கும். சேவையை எழுதும் ஏஜென்டுக்கான குறிப்பு ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"நோக்கம்: எல்லாப் பிரதிகளும் கடனில் உள்ள நூலுக்கு உறுப்பினர் முன்பதிவு செய்யவும், ரத்து செய்யவும், பிரதி திரும்பியதும் வரிசையில் முதல்வருக்கு அது ஒதுக்கப்படவும் வேண்டும். முதலில் படிக்க வேண்டியவை: ஒப்பந்தக் கோப்பு முழுவதும், தற்போதைய கடன் சேவைக் கோப்பு. எழுதக்கூடிய இடம்: முன்பதிவுக் கோப்புறைக்குள் சேவைக் கோப்பும் ஏபிஐ கோப்பும் மட்டும். தொடக்கூடாதவை: மாடல்கள், மைக்ரேஷன்கள், அமைப்புக் கோப்பு, சோதனைக் கோப்புறை. முடிந்ததற்கு அடையாளம்: பழைய சோதனைகள் அனைத்தும் தேறுதல், ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு நிலை மாற்றமும் செயல்படுதல். நிறுத்த வேண்டிய தருணம்: ஒப்பந்தத்தில் இடைவெளியோ முரணோ தென்பட்டால் ஊகிக்காமல் கேள்விகள் கோப்பில் எழுதிவிட்டு நிறுத்துக; ஒரே சோதனை மூன்று திருத்தத்துக்குப் பிறகும் தோற்றால், முயன்றவற்றை எழுதிவிட்டு நிறுத்துக."

கடைசிப் பகுதிதான் புதியவர்கள் விட்டுவிடுவது. எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லப்படாத ஏஜென்ட் நிறுத்தாது. வழி அடைபட்டால் சுவரை இடித்துக்கொண்டு போகும். அது கேட்கும் கேள்விகளில்தான் உங்கள் ஒப்பந்தத்தின் ஓட்டைகள் தெரியவரும் என்பதால், கேள்விகள் கோப்பு நிரம்புவதை நல்ல சகுனமாகவே கொள்ளுங்கள்.

குறிப்பைத் தமிழிலேயே எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இன்றைய மொழி மாடல்கள் தமிழ்க் குறிப்பைப் புரிந்துகொண்டு வேலை செய்கின்றன. ஆனால் அதே பொருளைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்கள் செலவாகும். மேலும் மாறிகளும் கோப்புப் பெயர்களும் ஆங்கிலத்தில் இருக்கும்போது, "நிலை" என்று நீங்கள் எழுதியதை ஒரு ஏஜென்ட் ஒரு பெயராலும் மற்றொன்று வேறு பெயராலும் மொழிபெயர்த்துக்கொள்ள வாய்ப்புண்டு. தமிழில் எழுதுவதானால், நிரலில் வரும் பெயர்களை ஒப்பந்தத்தில் இருப்பது போலவே எழுத்துப் பிசகாமல் குறிப்பிடுங்கள்.

யார் மேஸ்திரி

பல கருவிகளில், ஒரு தலைமை ஏஜென்ட் தானே துணை ஏஜென்ட்களை உருவாக்கி வேலையைப் பிரித்துக்கொடுக்கும் வசதி இருக்கிறது. துணை ஏஜென்ட் தனக்கென ஒரு நினைவுப் பரப்பில் வேலை செய்து, முடிவில் ஒரு சுருக்கத்தை மட்டும் தலைமையிடம் திருப்பித்தரும். தேடுவதற்கும் ஆராய்வதற்கும் இது மிக வசதி. நூறு கோப்புகளைப் படித்த குப்பை தலைமையின் நினைவில் சேராது. ஆனால் அந்தச் சுருக்கத்தில், துணை ஏஜென்ட் வழியில் எடுத்த சின்னச்சின்ன முடிவுகள் எல்லாம் உதிர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் சில வசதிகளுக்கு மேஸ்திரி வேலையை நீங்களே பாருங்கள். எங்கே தடுமாறுகிறது என்பது கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அதன் பிறகு அந்தப் பொறுப்பை ஏஜென்டிடம் கொடுக்கலாம்.

நடைமுறை இதுதான். மூன்று ஏஜென்ட்களையும் முதலில் திட்டம் மட்டும் எழுதச் சொல்லுங்கள், நிரல் எழுதவிடாதீர்கள். மூன்று திட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், இரண்டு ஏஜென்ட்கள் ஒரே கோப்பைத் தொடத் திட்டமிட்டிருப்பதும், ஒரே தேதி மாற்றும் செயற்கூற்றை இரண்டும் தனித்தனியே எழுதப்போவதும் அப்போதே தெரிந்துவிடும். திருத்தி, ஒப்புதல் கொடுத்து, பிறகு விடுங்கள். அவை வேலை செய்யும்போது நீங்கள் பார்க்க வேண்டியது கேள்விகள் கோப்பை மட்டுமே. ஒரு கேள்விக்கான பதில் மற்ற ஏஜென்ட்களையும் பாதிக்குமானால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல், முதன்மைப் பிராஞ்சில் ஒப்பந்தத்தைத் திருத்தி, மூன்றையும் அதைத் தங்கள் பிராஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எத்தனை ஏஜென்ட்கள்? இருவருக்கு இடையே ஒரு எல்லை, மூவருக்கு இடையே 3, அறுவருக்கு இடையே 15. அந்த எல்லைகளை எல்லாம் காவல் காக்கப்போவது நீங்கள் ஒருவரே. மூன்றுக்கு மேல் போனபோதெல்லாம், நான் படிக்காமலே ஒப்புக்கொண்ட நிரலின் அளவுதான் கூடியது.

விட்டுவிட்டுப் போவதற்கு முன்

ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்டு நிற்கும் ஏஜென்ட்களை மூன்றாகப் பெருக்குவதில் பயனில்லை. மூன்று டெர்மினல்களுக்கும் "சரி" அழுத்துவதே முழுநேர வேலையாகிவிடும். ஆனால் எல்லா அனுமதிகளையும் திறந்துவிட்டு உங்கள் சொந்தக் கணினியில் ஓடவிடுவதும் தகாது. கண்டெய்னர் என்ற தனிமைப்படுத்திய சூழல் ஒன்றுக்குள் வைத்து, வளர்ச்சித் தரவை மட்டும் கொடுத்து, உற்பத்திச் சூழலின் கடவுச்சொற்கள் எதுவும் எட்டாத இடத்தில் ஓட்டுங்கள். முதன்மைப் பிராஞ்சுக்குள் நேரடியாகத் தள்ள முடியாதபடி சர்வரிலேயே பூட்டுங்கள். "தள்ளாதே" என்று எழுதி வைப்பது வேண்டுகோள், பூட்டுத்தான் தடை.

தனிப்பட்ட தரவை எட்டும் வசதி, வெளியார் எழுதிய நம்பத்தகாத உரையைப் படிக்கும் வசதி, வெளியே தகவல் அனுப்பும் வசதி ஆகிய மூன்றும் ஒரே ஏஜென்டிடம் சேர்வதன் ஆபத்தை மென்பொருளாளர் சைமன் வில்லிசன் 2025இல் எடுத்துச் சொன்னார். இணையப் பக்கத்திலோ, பிழைப் புகாரிலோ யாரோ ஒளித்துவைத்த கட்டளையை ஏஜென்ட் உங்கள் கட்டளையாக எண்ணிச் செய்துவிடலாம். மூன்றில் ஒன்றையாவது வெட்டிவிடுங்கள். நிரல் எழுதும் ஏஜென்டுக்குப் பெரும்பாலும் இணையமே தேவைப்படாது, சார்பு நூலகங்களை முன்கூட்டியே நிறுவிவிட்டால்.

செலவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள், கருவியில் அதற்கு வழி இருந்தால் அங்கேயே.

சோதித்தலும் சேர்த்தலும்

"எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன" என்ற அறிக்கையோடு மூன்று ஏஜென்ட்களும் திரும்பி வரும். அதை அப்படியே ஏற்காதீர்கள். அவை பொய் சொல்வதாகவும் கொள்ளாதீர்கள். நிரலை எழுதிய ஏஜென்டே சோதனையையும் எழுதினால், தன் நிரல் என்ன செய்கிறதோ அதையே சரியென்று உறுதிசெய்யும் சோதனையைத்தான் எழுதும். அதனால்தான் சோதனையைத் தனி ஏஜென்டிடம் கொடுத்தோம். அது நிரலைப் பார்க்காமல், ஒப்பந்தத்தை மட்டும் பார்த்து எழுத வேண்டும். சேவையை எழுதும் ஏஜென்டுக்குச் சோதனைக் கோப்புறை தடைசெய்யப்பட்டதும் இதற்காகவே. இல்லையென்றால், தோற்கும் சோதனையைத் திருத்துவது நிரலைத் திருத்துவதைவிட எளிது என்பதை அது விரைவில் கண்டுகொள்ளும்.

நம் எடுத்துக்காட்டில் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு பிரதி திரும்பும் அதே நொடியில் ஒருவர் முன்பதிவை ரத்து செய்கிறார், இன்னொருவர் புதிதாக முன்பதிவு செய்கிறார். வரிசையைப் பூட்டாமல் படித்து எழுதினால் ஒரே பிரதி இருவருக்கு ஒதுக்கப்படும். ஜாங்கோவில் இதற்காகத் தரவுத்தள அட்டவணையின் வரிகளைப் பூட்டிப் படிக்கும் முறை இருக்கிறது. ஏஜென்ட் அதைப் பயன்படுத்தியிருக்கவும் கூடும். ஆனால் எஸ்க்யூலைட்டில் அந்தப் பூட்டுக்கு எந்த விளைவும் இல்லை. போஸ்ட்கிரெஸிலும், ஒவ்வொரு சோதனையையும் ஒரே பரிவர்த்தனைக்குள் சுற்றிவைக்கும் ஜாங்கோவின் வழக்கமான சோதனை வகுப்பைக் கொண்டு இந்தப் போட்டியைச் சோதிக்க இயலாது, பரிவர்த்தனைகளை உண்மையாகவே முடிக்கும் வகுப்பு வேண்டும். இப்படிப்பட்ட இடங்களைக் குறிப்பில் பெயர் சொல்லி எழுதினால்தான் சோதனை எழுதும் ஏஜென்ட் அங்கே போகும். எழுதி முடித்த பின், பூட்டும் வரியை நீங்களே நீக்கிவிட்டுச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் தேறினால் அந்தச் சோதனை வெறும் அலங்காரம்.

சேர்ப்பதை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்: முதலில் சேவை, அடுத்து சோதனைகள், கடைசியாகத் திரை. ஒவ்வொன்றைச் சேர்த்த பின்னும், மீதமுள்ள பிராஞ்ச்கள் புதிய முதன்மையின் மேல் தங்களை மறுபடி பொருத்திக்கொண்டு, முழுச் சோதனையையும் ஓட்ட வேண்டும். கிட் முரணின்றிச் சேர்த்துவிட்டது என்பது நிரல் சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. ஒரு பிராஞ்ச் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றியிருக்கும்; மற்றொரு பிராஞ்ச் வேறொரு கோப்பில் அதன் பழைய பெயரைப் புதிதாக அழைத்திருக்கும். வரிகள் மோதாததால் கிட் அமைதியாக இணைக்கும், செயலி ஓடும்போது விழும்.

சேர்ப்பதற்கு முன், இதுவரை இந்த வேலையில் ஈடுபடாத புதிய ஏஜென்ட் ஒன்றிடம், ஒப்பந்தத்தையும் மாற்றங்களையும் மட்டும் கொடுத்து விமர்சிக்கச் சொல்லுங்கள். எழுதிய ஏஜென்டின் உரையாடலை அதற்குக் காட்டாதீர்கள். காட்டினால் அந்தச் சமாதானங்களை எல்லாம் அதுவும் ஏற்றுக்கொள்ளும். "குறை கண்டுபிடி" என்று மட்டும் கேட்டால் இல்லாத குறைகளையும் அடுக்கும் என்பதால், ஒவ்வொரு குறைக்கும் அது எந்த உள்ளீட்டில் எப்படித் தோற்கும் என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவற்றைத் தள்ளிவிடலாம். அதன் பிறகு, நிலை மாற்றங்கள் உள்ள கோப்பையாவது வரிவரியாக நீங்கள் படியுங்கள். நள்ளிரவில் அந்த வரிசை குழம்பினால் தொலைபேசி உங்களுக்குத்தான் வரும்.

ஒரு ஏஜென்ட் தவறான திசையில் வெகுதூரம் போய்விட்டதாகத் தெரிந்தால், அதே உரையாடலில் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். தவறான முயற்சிகள் எல்லாம் அதன் நினைவில் கிடந்து அடுத்ததையும் கெடுக்கும். அந்தப் பிராஞ்சை வீசிவிட்டு, எந்தப் புரிதல் தவறியதோ அதை வேலைக்குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்து, புதிய ஏஜென்டைத் தொடங்குங்கள். கையால் எழுதிய காலத்தில் இருநூறு வரிகளை வீச மனம் வராது. இங்கே வீசுவது பத்து நிமிட ஓட்டம்.

எல்லாம் சேர்ந்த பின் ஒர்க்ட்ரீக்களை "கிட் ஒர்க்ட்ரீ ரிமூவ்" கொண்டு நீக்குங்கள். கோப்புறையை நேரடியாக அழித்துவிட்டிருந்தால் "கிட் ஒர்க்ட்ரீ புரூன்" மீதமுள்ள பதிவைத் துடைக்கும். மூன்று தரவுத்தளங்களையும் சேர்ந்துவிட்ட பிராஞ்ச்களையும் அழியுங்கள். கேள்விகள் கோப்பை மட்டும் உடனே அழிக்காதீர்கள்: அதில் இரண்டு ஏஜென்ட்கள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், அதற்கான பதிலை அறிவுறுத்தல் கோப்புக்கு மாற்றிவிட்டு, பிறகு அழியுங்கள்.